மூங்கிலும் மண்ணும் வைத்துக் குடில் கட்டப் போகிறவர்களுக்கு

2022 ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் குடிலின் தரையைப் பெருக்கும்போதுதான் அந்த மாவைப் பார்த்தேன். வெளிர்மஞ்சளாக, கடலைமாவைச் சலித்துக் கொட்டியதுபோல, ஒவ்வொரு மூங்கில் காலின் அடியிலும் ஒரு சிறு குவியல். சுவரில் இருந்து உதிர்ந்த மண் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளினேன். மறுநாளும் அதே இடங்களில் அதே அளவுக் குவியல். மூன்றாம் நாள் டார்ச் விளக்கை மூங்கிலோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தபோது குண்டூசித் தலை அளவில் துளைகள் தெரிந்தன. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவில் மட்டும் பதினேழு எண்ணினேன். விரலால் தட்டியதும் இன்னும் கொஞ்சம் மாவு உதிர்ந்து புறங்கையில் விழுந்தது. 4,20,000 ரூபாய் கொடுத்து லாரியில் வரவழைத்த மூங்கில் சட்டங்கள் அவை. வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அன்று மாலைவரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை.

என் அம்மா வழியில் வந்த 72 சென்ட் புஞ்சை நிலம் தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அம்மா இறந்த பிறகு அதை விற்க மனம் வரவில்லை. சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, மூன்று குடில்கள் கட்டலாம், நகரத்தில் களைத்தவர்கள் வந்து சில நாள் அமைதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தேன். கான்கிரீட் கூடாது, சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் பொருட்களே போதும் என்பதில் உறுதியாக இருந்தேன். இன்றும் அந்த உறுதி மாறவில்லை. மாடுலர் முறை என்று சொல்லி ஒரு வெளியூர் நிறுவனம் என்னிடம் பேசியது. ஒரே அளவிலான மூங்கில் சட்டங்களைப் பட்டறையில் செய்து கொண்டுவருவார்கள், இங்கே போல்ட் போட்டு இணைப்பார்கள், நடுவில் மண் நிரப்புவார்கள், 45 நாளில் மூன்று குடில்களும் எழுந்துவிடும் என்றார்கள். கையில் இருந்தது வருங்கால வைப்பு நிதியும் அம்மாவின் நகையை விற்ற பணமும் சேர்த்து 12 லட்சம். 2021 டிசம்பரில் முன்பணம் கொடுத்தேன். முதல் விருந்தினர் வந்து தங்கியது 2024 பிப்ரவரியில். நடுவில் போன 26 மாதங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் மூங்கில். என் சட்டங்களுக்கான மூங்கிலைச் சித்திரை மாதம் வெட்டியிருக்கிறார்கள். இது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது, கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மூங்கிலுக்குள் மாவுச்சத்து இருக்கிறது. துளைப்பூச்சி தேடி வருவது அதைத்தான். மழைக்காலத்தில் புதுக் குருத்து விட்டு முடித்த பிறகு தாய் மூங்கிலில் மாவுச்சத்து குறைந்திருக்கும், கோடையில் ஏறியிருக்கும். அதனால்தான் எங்கள் பக்கம் பெரியவர்கள் கார்த்திகைக்குப் பிறகு, தை மாதத்துக்குள் வெட்டுவார்கள். வயதும் முக்கியம். மூன்று, நான்கு வயதான மூங்கில்தான் கட்டடத்துக்கு ஆகும். கணுவில் மட்டை ஒட்டிக்கொண்டும், மேலே வெண்பொடி படர்ந்தும் பளிச்சென்று பச்சையாக இருந்தால் அது இளசு. முற்றியதில் பச்சை மங்கி, தோலில் பாசித் தழும்பு படிந்திருக்கும், தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வாங்கும் இடத்திலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் டிஞ்சர் அயோடினை வெட்டுமுகத்தில் இரண்டு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் உள்ளே மாவுச்சத்து நிறைய இருக்கிறது என்று பொருள். ஒரு சிறு குப்பி மருந்து என் நான்கு லட்சத்தைக் காப்பாற்றியிருக்கும்.

நல்ல பருவத்தில் வெட்டினாலும் பதப்படுத்தாமல் வைக்கக் கூடாது. போரிக் அமிலமும் வெண்காரமும் (போராக்ஸ்) கலந்த கரைசலில் மூங்கிலை முழுக்க அமிழ்த்தி வைப்பதுதான் இன்று பரவலாக இருக்கும் முறை. ஒரு பங்கு போரிக் அமிலத்துக்கு ஒன்றரைப் பங்கு வெண்காரம். ஊற வைக்கும் முன் நீளக் கம்பியை உள்ளே செலுத்திக் கணுத் தடுப்புகளைத் துளைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரைசல் உள்ளே போகாது. மேலே தூரிகையால் பூசிவிட்டு, பதப்படுத்திவிட்டோம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மூங்கிலின் வெளித்தோல் எதையும் உள்ளே விடாது. எனக்கு வந்தவை அப்படி வெறும் தூரிகைப் பூச்சு வாங்கியவைதான். ஒன்றை நடுவில் அறுத்துப் பார்த்தேன், கணுத் தடுப்புகள் எல்லாம் முழுசாக இருந்தன. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கரைசலில் இருந்து மூங்கிலுக்குள் ஏறிய உப்பு மழையில் கரைந்து போகும். பதப்படுத்திய மூங்கிலாக இருந்தாலும் நேராக மழை படும் இடத்தில் வைத்தால் சில வருடங்களில் வெறும் மூங்கிலாகிவிடும்.

பூச்சி வருவதற்கு முன்பே சாரல் வந்து எனக்குப் பாடம் சொல்லத் தொடங்கியிருந்தது. குற்றாலம் வந்து போகிறவர்களுக்குச் சாரல் என்றால் இன்பம். அங்கே வீடு கட்டுகிறவர்களுக்கு அது வேறு. ஜூன் தொடங்கிச் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கில் இருந்து வரும் காற்று சாதாரணக் காற்று இல்லை. காற்றாலைகளை இங்கே கொண்டுவந்து நட்டதற்குக் காரணமே அதுதான். அந்தக் காற்றில் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து அறையும். நிறுவனம் போட்ட வரைபடத்தில் இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி வரும் கூரை ஓரம், ஒன்றரை அடிதான் வெளியே நீட்டியிருந்தது. மலை தெரிய வேண்டும் என்று பெரிய ஜன்னலையும் மேற்கே வைத்திருந்தார்கள். நான்தான் அதை ஆசையாகக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜூலை முதல் வாரத்திலேயே மேற்குச் சுவரின் கீழ்ப்பாதி மண் ஊறிப்போய், உள்ளே வைத்த பத்தமடைப் பாய் ஓரமெல்லாம் கருத்துவிட்டது.

பழைய வீடுகளை அதன் பிறகுதான் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் ஊரில் மேற்குப் பார்த்த பழைய வீடுகளில் தாழ்வாரம் தலையில் இடிக்கும் அளவுக்குத் தாழ இறங்கியிருக்கும். ஆனி மாதம் பிறந்தால் பனையோலைத் தட்டியை அந்தப் பக்கம் கட்டித் தொங்கவிடுவார்கள், ஐப்பசியில் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். சின்ன வயதில் இருந்து பார்த்த காட்சி, ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் ஒருநாள் போய்வந்தேன். மரச் சிற்பங்களைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், நான் கூரை எவ்வளவு தூரம் சுவரைத் தாண்டி வருகிறது என்பதை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். உங்கள் நிலத்தில் ஒரு முழு மழைக்காலம் தங்குங்கள். வாடகைக்கு அறை எடுத்தாவது தங்குங்கள். எந்தப் பக்கத்தில் இருந்து மழை அடிக்கிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியாக ஓடுகிறது என்று குறித்து வைத்த பிறகு வரைபடத்தைத் தொடுங்கள். இதற்கு ஒரு வருடம் போகும் என்று தயங்காதீர்கள். எனக்கு இரண்டு போனது.

மண் கல் விஷயத்தில் செய்த தவறு முழுக்க என்னுடையது. மூங்கில் சட்டம் கைவிட்ட பிறகு, மேற்குச் சுவரை மட்டுமாவது அழுத்தி வார்த்த மண் கல்லால் கட்டலாம் என்று கை எந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். செலவை மிச்சப்படுத்த, நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் இருந்தே மண்ணைத் தோண்டினோம். குளத்து வண்டல் காலங்காலமாகப் படிந்த இடம், களி மிகுந்த கரம்பை போன்ற மண். கல் அறுத்து அடுக்கிய அன்று கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. நான்காம் நாளே ஒவ்வொன்றிலும் மயிரிழை விரிசல், பத்தாம் நாள் மூலைகள் கையோடு வந்தன. ஆள் கூலி, சிமெண்ட், எந்திர வாடகை எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய் போனது. களிமண் கூடிவிட்டால் காயும்போது சுருங்கத்தான் செய்யும். 1989 முதல் இயங்கிவரும் ஆரோவில் மண் கட்டட நிறுவனம் சிமெண்ட் சேர்க்கும் மண் கல்லுக்குச் சொல்லும் கணக்கு தோராயமாக இது: சரளை 15 பங்கு, மணல் 50, வண்டல் 15, களி 20. சிமெண்ட் 5 விழுக்காடு அளவில் சேர்த்தால் போதும். மண்ணில் களி கூடுதலாக இருந்தால் சிமெண்டைவிடச் சுண்ணாம்புதான் ஒத்துப்போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. மேல்மண்ணை ஓரடி நீக்கிவிட்டு, அதற்குக் கீழே இருந்து எடுத்த மண்ணை ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி வரை போட்டு, தண்ணீர் நிரப்பி நன்றாகக் குலுக்கி ஜன்னலில் வைத்துவிடுங்கள். சரளையும் மணலும் கண்ணெதிரே கீழே இறங்கும், அதன் மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே களி. களி தெளிய ஒருநாள் ஆகும். அடுக்குகளை அளவுகோல் வைத்து அளந்தால் உங்கள் மண்ணின் ஜாதகம் கையில் இருக்கும். நான் 68,000 ரூபாய் போன பிறகு செய்து பார்த்தபோது படிந்த மண்ணில் பாதிக்கு மேல் களி. இரண்டாம் முறை நிலத்தின் மேட்டுப் பக்கத்துச் செம்மண்ணும், சலித்த மணலும் கலந்து அறுத்தோம். 28 நாள் சாக்கு போர்த்தி ஈரம் காயாமல் வைத்தோம். அந்தக் கல் இன்றும் நிற்கிறது. அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் நல்ல மண்ணும் வீணாகிவிடும்.

மழைக்கு அஞ்சி நான் செய்த இன்னொரு காரியம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. சாரலில் ஊறிய சுவர்களைப் பார்த்த ஒரு கொத்தனார், மேலே சிமெண்ட் பூசிவிட்டால் கவலையே இல்லை என்றார். பூசினோம். வடகிழக்குப் பருவமழை முடிந்து 2023 ஜனவரியில், பக்கத்து ஊரில் இருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். வயது எழுபதுக்கு மேல். அவர் எதுவும் பேசாமல் கரண்டியின் பிடியால் சுவரை அங்கங்கே தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. கரண்டி முனையை அங்கே செருகி லேசாக நெம்பினார். முறம் அளவுக்கு ஒரு சிமெண்ட் பாளம் அப்படியே கழன்று விழுந்தது. பின்னால் இருந்த மண் பிசைந்த மாவுபோல் ஈரமாக இருந்தது. மழை நின்று மூன்று வாரம் ஆகியும் ஈரம். “மழை நனைத்ததால் கெட்டுப்போகவில்லையம்மா, காய விடாததால் கெட்டுப்போனது” என்றார். மண் சுவர் கீழிருந்தும் உள்ளிருந்தும் ஈரம் வாங்கும். அது வெளியேறிவிட்டால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. பூசிய கூலியும் பெயர்த்த கூலியும் சேர்த்து 43,000 ரூபாய்.

அந்தப் பெரியவர் சொன்னபடிதான் பிறகு எல்லாம் நடந்தது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் குழியில் நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி ஒரு மாதம் கிடக்க விட்டோம். இடித்த கடுக்காயையும் கருப்பட்டியையும் தனித் தொட்டியில் ஊறப்போட்டுப் புளிக்க வைத்தோம். அதன் வாடை இரண்டு தென்னை தள்ளியும் அடிக்கும், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கலக்கினேன். அந்தத் தண்ணீரை விட்டுச் சாந்து குழைத்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை. சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும், அதனால் தடிமனாக ஒரே முறையில் அப்பினால் உள்ளே இறுகாது. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் நாள் விட வேண்டும், தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு குடிலுக்குப் பூச்சு வேலை மட்டும் ஏழு வாரம் பிடித்தது. இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டு வைத்துக்கொண்டால் மனம் உடையாது.

ஆட்கள் கிடைப்பதையும் பருவத்தோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். எங்கள் பகுதியில் கார், பிசானம் என்று இரண்டு நெல் பருவம். நடவும் அறுப்பும் வந்துவிட்டால் சித்தாள்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும், அது அவர்களின் சோறு. முதல் வருடம் நான் அவர்கள் மேல் கோபப்பட்டேன். இப்போது அந்த வாரங்களை வேலை இல்லாத வாரங்கள் என்றே குறித்து வைக்கிறேன். தனியாக நிற்கும் பெண்ணிடம் கூலி கூட்டிக் கேட்பார்கள் என்று பலர் பயமுறுத்தினார்கள். என் அனுபவம் அப்படி இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு முடித்துக் கையில் கொடுத்துவிட்டால் ஒருவரும் ஒரு வார்த்தை கூடப் பேசியதில்லை. என்னை ஏமாற்றியவர்கள் கணினியில் அழகான படம் காட்டியவர்கள்.

அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். கழற்றி மாட்டும் கட்டடம், தற்காலிகக் கட்டுமானம், அதனால் எந்த அனுமதியும் வேண்டாம் என்று நிறுவனம் சொன்னதை நம்பினேன். நோட்டீஸ் வந்து நான்கு மாதம் வேலை நின்றது. மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஏற்பாடு 1990 முதல் இருக்கிறது, பட்டியலில் இருந்தால் நடைமுறையே வேறு. நில அளவைப் புலப்படம் எடுத்துப் பார்த்து ஓடை, வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று அளந்து கொள்ளுங்கள். கண்ணுக்கு வறண்டு கிடக்கும் பள்ளம் புலப்படத்தில் ஓடையாக இருக்கலாம்.  பட்டா நிலத்தில் வளர்ந்த மூங்கிலாக இருந்தாலும் எங்கே வெட்டியது என்பதற்கு ரசீது வைத்திருங்கள். தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வெட்டாமலே எனக்கு வழி கிடைத்தது. இடிக்கும் பழைய வீடுகளில் இருந்து பனங்கைகளையும் நாட்டு ஓட்டையும் விலைக்கு எடுத்தேன். அறுபது வருடம் கூரையைத் தாங்கிக் கறுத்து இறுகிய பனங்கை, ஆசாரியின் உளி வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்கு உறுதி.

மாடுலர் முறையை நான் கைவிடவில்லை, அதைப் புரிந்துகொள்ளத்தான் காலம் பிடித்தது. முதலில் வந்த சட்டங்கள் எட்டடிக்கு நான்கடி என்று தாளில் போட்ட அளவு. ஆனால் இரண்டு மூங்கில் ஒரே பருமனில் இருக்காது. இணைப்புகளில் எல்லாம் விரல் நுழையும் இடைவெளி. அளவை மூங்கிலிடமும் பனங்கையிடமும் கேட்டு வாங்க வேண்டும். எனக்குக் கிடைத்த பனங்கைகள் பெரும்பாலும் ஒன்பதரை அடி. அதை வைத்தே அறையின் அகலத்தை முடிவு செய்தோம். தரையில் இருந்து இரண்டரை அடிக்குக் கருங்கல் பீடம், மேற்கே மண் கல் சுவர், அதை ஒட்டித் தாழ இறங்கும் தாழ்வாரம், அங்கே இறவாணம் மூன்றரை அடி. மற்ற மூன்று பக்கமும் பதப்படுத்திய மூங்கிலைப் பிளந்த பிளாச்சில் பின்னி, மண்ணும் சுண்ணாம்பும் பூசிய தட்டிகள். ஒவ்வொரு தட்டியையும் இரண்டாகப் பிரித்தோம். கீழே ஒன்றரை அடிப் பட்டை தனி, மேலே மீதி தனி. மழை கெடுப்பது எப்போதும் கீழ்ப் பட்டையைத்தான். நான்கு போல்ட்டைக் கழற்றினால் அது மட்டும் கையோடு வந்துவிடும், எல்லாக் குடிலுக்கும் ஒரே அளவு. மூங்கிலில் ஆணி அடிக்காதீர்கள், பிளந்துவிடும். கணுவை ஒட்டித் துளையிட்டு, போல்ட் போடும் இடத்தின் உள்கூட்டில் சாந்து நிரப்பி முடுக்குங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை என்றாலும், இரண்டு நாள் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. மின்சாரம் இல்லை. முதல் குடில் அப்போதுதான் முடிந்திருந்தது. இரவு முழுவதும் அதற்குள் ஒரு அரிக்கன் விளக்கோடு உட்கார்ந்து, பீடத்தின் எத்தனையாவது கல்லில் தண்ணீர் நிற்கிறது என்று மணிக்கொரு தடவை எட்டிப் பார்த்தேன். மூன்றாவது கல்லைத் தாண்டவில்லை. விடிந்ததும் சுற்றி வந்து பார்த்தேன். கிழக்குப் பக்கம் இரண்டு கீழ்ப் பட்டைகளில் பூச்சு கரைந்திருந்தது, அவ்வளவுதான். பொங்கலுக்கு முன் அவற்றைக் கழற்றி, பட்டறையில் இருந்த மாற்றுப் பட்டைகளைப் பூட்டினோம். அரைநாள் வேலை.

இதுவரை 17 லட்சம் செலவாகியிருக்கிறது, இரண்டு குடில்கள் நிற்கின்றன. அதில் ஐந்து லட்சத்துக்கு மேல் வெறும் இழப்பு. முன்பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. ஒப்பந்தத்தில் மூங்கில் வெட்டிய மாதமோ பதப்படுத்திய விதமோ ஒரு வரிகூட இல்லாததால் வழக்குப் போடவும் பிடி இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். நீங்கள் யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால் அந்த இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வேண்டாம். ஒரு மழைக்காலம் முடியும்வரை கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள். அவர்கள் கட்டிய கட்டடங்களில் ஐந்து மழைக்காலமாவது பார்த்த ஒன்றை நேரில் போய், மழைக்குப் பிந்தைய மாதத்தில் பாருங்கள், அங்கே குடியிருப்பவரிடம் தனியாகப் பேசுங்கள்.

மூன்றாவது குடிலுக்கு அஸ்திவாரம் தோண்டிக் கருங்கல் பீடம் மட்டும் முடிந்திருக்கிறது. மூங்கிலைப் போய்ப் பார்த்து, முற்றியவற்றில் சிவப்பு நூல் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். மார்கழிக் கடைசியில் வெட்டு.